போலந்தில் ஒரு மூத்த மாப்பிள்ளை

நம்மவர்களில் ‘இது நம்மூர்லயே இருக்கே’ என்று ஒரு ரகம் உண்டு. ஷார்ஜாவில் ரோலா பக்கம் எந்தக் கட்டடத்தின் லிஃப்டில் ஏறினாலும் அதில் ஒருவராவது உங்களோடு ஏறுவார். மலையைக் காட்டினால் எங்க பக்கம் இதைவிடப் பெரிசு என்பார், கடலைக் காட்டினால் அது எங்க வீட்டுக் கொல்லையிலேயே கிடக்கிறது என்பார், பனியைக் காட்டினால் கொஞ்சம் யோசித்து, ஃப்ரீசரைத் திறந்தா இதுதானே என்பார். ஆச்சரியப்பட்டுவிட்டால் சொத்தில் பாதி போய்விடும் என்று யாரோ இவருக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

முகம்மது ரிபாயை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துக்கொண்டால் திருப்பித் தர வேண்டாம். கீழக்கரைக்காரர், ரோலாவில் அத்தர் கடை. ஹஜ்ஜுப் பெருநாள் லீவில் மனைவி ஷஹீராவின் ஒரே தங்கை நஜீஹாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பெண் வீட்டிலேயே வந்து தங்குவது அவர்கள் வழக்கம். லீவில் போகும்போதெல்லாம் அந்த வீட்டின் ஒரே மாப்பிள்ளையாகப் பெரிய கட்டிலையும் முதல் தட்டையும் அனுபவித்தவருக்கு, புது மாப்பிள்ளை வருகிறார் என்றதும் ஊர் கசந்துவிட்டது.

“ஊர்ல என்னா இருக்கு, ஷஹீரா? வெயிலும் கொசுவுந்தான். போலந்து போவோம்.”

“நிக்காஹ்வைக் கண்ணால பாக்க வேணாமா மச்சான்?”

“வீடியோ கால்ல பாத்துக்க.”

போனார்கள். அங்கே பழைய கிராம வாழ்க்கையைக் காட்டும் ஓர் அருங்காட்சியகம்: பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்திய மரவீடுகள், வைக்கோல் கூரை, சுவரெல்லாம் கையால் தீட்டிய பூக்கள். நம்மவர் பார்த்தாரா? ஒப்பிட்டார். வெண்ணெய் கடையும் மரச்சாடி? “நம்மூர் மத்து.” பூப்போட்ட சீதனப் பெட்டி? “உங்க உம்மா வீட்டுப் பெட்டி.” காகிதத்தில் நுணுக்கமாகக் கத்தரித்த சேவல்கள்? “கல்யாண வீட்டுத் தோரணம். இதுக்குப் போயி டிக்கெட்டா?” பக்கத்தில் எழுதி வைத்திருந்ததில் ஒரு வரியும் படிக்கவில்லை. படித்தால் தெரிந்துவிடுமே!

ஷஹீராவுக்கு இதெல்லாம் காதில் விழவில்லை. ரோமிங் போட இவர் விடாததால், வைஃபை எட்டிய ஒரே வீட்டின் மூலையில் போனைப் பிடித்தபடி நின்றாள். திரையில் சாச்சி மகள் ரம்ஸியா, “லாத்தா, நல்லா பாரு, கருகமணி கட்டப் போறாங்க” என்றாள். தாலிபோல் கட்டும் அந்தக் கறுப்பு மணிச்சரத்துக்காக நஜீஹா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து நம்மவர் கண்ணில் கயிற்றுக்கு அப்பால் ஒரு கட்டில் பட்டது. அதன்மேல் ஆளுயரத்துக்கு வெள்ளைத் தலையணைகள். பெண் வீட்டின் செல்வத்தைக் காட்ட அடுக்குவது, யாரும் படுப்பதற்கல்ல என்று அங்கே எழுதியிருந்தது. நம்மவர்தான் படிக்கமாட்டாரே. “அட, மாப்பிள்ளைக் கட்டில்! நம்மூர்லயே இருக்கே!” என்று கயிற்றைத் தாண்டிப் போய், மூத்த மாப்பிள்ளைக்குரிய முறுக்கோடு காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தலையணைகள் சரிந்தன. மணி அலறியது. காவலுக்கு இருந்த அம்மாள் ஓடிவந்து கத்தினாள். “கலாஸ், கலாஸ்”, அதாவது முடிந்தது விடு, என்றார் இவர், போலந்துக்காரிக்கு அரபி புரியும் என்ற நம்பிக்கையில். குடும்பத்தோடு வெளியே அனுப்பினார்கள். வைஃபை உள்ளேயே நின்றுவிட்டது.

உறைந்த திரையிலிருந்து ஷஹீரா கண்ணை எடுக்கவில்லை.

“என் தங்கச்சி கழுத்துல கருகமணி ஏறுனதை நான் பாக்கல மச்சான்.”

“அதுல என்னா இருக்கு? நம்ம கல்யாணத்துல பாத்ததுதானே?”

அவள் அழுதாள். இதைக் கேட்டபோது எனக்கு அந்த மனிதரை அத்தனை தலையணைக்கும் அடியில் வைத்து அமுக்கலாம் போலிருந்தது. அவரோ அடுத்த பெருநாளுக்கு எந்த நாடு என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

என்ன, சிரிக்கிறீர்களா? ‘எங்க பில்டிங்லயும் இப்படி ஒருத்தர் இருக்காரு’ என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்லத் திரும்புகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். இப்படித்தான் ஆரம்பிக்கும்.