அணில் வந்தால் புலி இல்லை

ஒரு காட்டில், டவர் எட்டாததால் எவரும் எவருக்கும் போன் போட முடியாத காட்டில், கொறிச்சான் என்றோர் அணில் இருந்தது. மேய்கிற மான்களுக்குப் புலி நடமாட்டம் பற்றித் தகவல் தருவது அதன் வேலை. உச்சாணிக் கிளையிலிருந்து பார்ப்பது வாலப்பன் என்ற குரங்கு. கீழே ஓடுவது கொறிச்சான்.

ஏற்பாடு, கண் டாக்டர் முழியார் ஆந்தையுடையது.

"அன்பார்ந்த வனவாசிகளே! நம் விழித்திரையில் நடப்பது என்ன? இருட்டில், ஒளியைப் பிடிக்கும் செல்கள் குளூட்டமேட் என்ற ரசாயனத் தூதரை ஓயாமல் அனுப்புகின்றன. வெளிச்சம் பட்டதும் தூது குறைகிறது. 'ஓகோ, ஏதோ தெரிகிறது' என்று அடுத்த செல் புரிந்துகொள்கிறது. ஆகவே, அணில் வந்துகொண்டே இருந்தால் புலி இல்லை. வராவிட்டால் புலி!"

மான்கள் குளம்பு தட்டி ஆரவாரம் செய்தன.

ஒரு நாள் காலை, ஓடைக்கரைப் புதரில் மஞ்சளாக ஏதோ அசைந்தது.

"புலிடா," என்றது வாலப்பன். "நீ உட்காரு. இனி தூது கிடையாது."

கொறிச்சானுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தன்னை முதுகில் ஏற்றிக் காடு சுற்றிக் காட்டும் துள்ளி என்ற மான்குட்டி அந்தப் புதர்ப் பக்கம்தான் மேய்ந்துகொண்டிருந்தது.

"இவங்களுக்கு உறைக்கிறதுக்குள்ள துள்ளி காலி அண்ணே!" என்று குதித்து ஓடியது.

"புலி! புலி வருது!"

துள்ளியின் அம்மா நிமிர்ந்து பார்த்தது. "அணில் வந்துட்டான். அப்ப புலி இல்லை. நீ மேயிடா கண்ணு."

"ஐயோ அத்தை, நான் சொல்றதைக் கேளுங்க!"

"நீ சொல்வது முக்கியமில்லை தம்பி," என்று மரக்கிளையில் கொட்டாவி விட்டார் முழியார். "நீ வந்திருக்கிறாய் பார், அதுதான் தகவல். குளூட்டமேட் என்றைக்காவது வாய் திறந்து பேசியிருக்கிறதா?"

மான்கள் விழுந்து விழுந்து சிரித்தன. மஞ்சள் முதுகு இன்னும் கொஞ்சம் கிட்டே வந்தது.

கொறிச்சான் தலையில் அடித்துக்கொண்டது. பிறகு சட்டென்று ஒரு மரப்பொந்துக்குள் புகுந்து, வாலையும் உள்ளே இழுத்துக்கொண்டது.

மான்கள் ஒரு வாய் மென்றன. இன்னொரு வாய் மென்றன.

"ஏண்டி, அணிலைக் காணோமே?"

"காணோமா? ஐயையோ, புலி!"

துள்ளியை முட்டித் தள்ளிக்கொண்டு கூட்டமே பறந்தது. பாய்ந்த புலியின் வாய்க்குக் கிடைத்தது புல் மட்டும்.

அன்று மாலையே பாராட்டு விழா. டாக்டர் முழியாருக்குப் பொன்னாடை. வேலை நேரத்தில் பொந்தில் பதுங்கிய குற்றத்துக்காகக் கொறிச்சான் சஸ்பெண்ட்.

நீதி: உண்மையைக் கத்திச் சொல்லி யாரையும் காப்பாற்ற முடியாது, வேலைக்கு மட்டம் போட்டுப் பாருங்கள்.