ஜீப் வாங்கி நடந்தவர்

திருவனந்தபுரத்திலேயே ஜீப் வாங்கிய பிறகு அதிகமாக நடந்த மனிதர் எங்கள் இறங்கு அண்ணாச்சிதான். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள்கூட அவரிடம் தோற்றுப்போவார்கள்.

சாலைக் கடைத்தெருவில் அவருக்குப் பாத்திரக்கடை. வீடு வலியசாலையில், எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. எல்லாரும் ஸ்கூட்டரில் நெளிந்து போகிற அந்தத் தெருவில் அவர் மட்டும் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற ஜீப் வைத்திருந்தார். தோசைக்கல் விற்கிறவருக்கு மலையேறும் வண்டி எதற்கு என்று எனக்கு ஒரே குடைச்சல். கியருக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கம்பி வேறு இருந்தது. அதை அவர் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

"அது எதுக்கு அண்ணாச்சி?"

"தேவையில்லாத நேரத்துல தொடாம இருக்கதுக்கு."

அவருடைய சட்டம் ஒன்றே ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத தரையில் சக்கரத்தை விடக்கூடாது, முதலில் இறங்கிப் பார்க்க வேண்டும். தெரு அவருக்கு 'இறங்கு' என்று பட்டம் வைத்ததும் இதனால்தான். மழையில் கிழக்கேகோட்டையில் தண்ணீர் கட்டினால் நடுரோட்டில் ஜீப்பை நிறுத்திவிடுவார். வேட்டியை மடித்துக் கட்டி, குடையை ஊன்றி ஆழம் பார்த்தபடி அந்தப் பக்கம் வரை நடந்துவிட்டுத் திரும்பி வருவார். பின்னால் பஸ்கள் அலறும். ஓர் ஆட்டோக்காரர் பொறுக்கமாட்டாமல், "சேட்டா, இது ரோடாணு, காயலல்ல!" என்று கத்தினார். "ரோடு இன்னும் அடியில இருக்கான்னு பாக்காண்டாமா?" என்றார் அண்ணாச்சி.

ஒருநாள் சூப்பர் மார்க்கெட்டில் நான் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். எங்கிருந்தோ வந்து என் கட்டைவிரலில் ஒரு தட்டு தட்டினார்.

"வெரலை உள்ள விட்டுப் பிடிக்காதல. சக்கரம் கல்லுல இடிச்சா ஸ்டியரிங் வெட்டித் திரும்பும். வெரல் போயிரும்."

நாங்கள் நின்றுகொண்டிருந்தது சோப்பு வரிசையில்.

இப்படிப்பட்டவரை நம்பித்தான் என் நிச்சயதார்த்தம் நடக்க வேண்டியதாயிற்று. பெண் வீடு விதுராவுக்கு மேலே, ஒரு ரப்பர் தோட்டத்தில். முந்தின நாள் மழையில் பாதை அரித்துப்போய், வாடகைக் கார்க்காரர் அடிவாரத்திலேயே கையை விரித்துவிட்டார். பன்னிரண்டு மணிக்குள் தட்டு மாற்றியாக வேண்டும். தவறினால் வேறொரு மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லிவிடப் பெண்ணின் அத்தை தயாராக இருந்தாள். எனக்கோ அந்தப் பெண்ணை விட்டால் வேறு யாரும் வேண்டாம். அப்பா இல்லாத எனக்காகத் தட்டு மாற்ற வந்த தாய்மாமா மலையை அண்ணாந்து பார்த்தார். "எனக்கு முட்டுவலி" என்று டீக்கடையில் உட்கார்ந்துவிட்டார்.

நல்லவேளை, அண்ணாச்சியையும் அழைத்திருந்தோம். எங்களுக்கு முன்னால் கிளம்பி, எங்களுக்குப் பின்னால் வந்து சேர்ந்தார். அம்மாவும் நானும் ஜீப்பில் ஏறினோம்.

அன்றைக்குத்தான் குட்டிக் கம்பி அசைந்தது. டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினார், கம்பியை இழுத்தார். ஜீப் உறுமிக்கொண்டு எறும்பு மாதிரி பாறை பாறையாக ஏறியது.

"இவ்வளவு மெதுவாவா அண்ணாச்சி?"

"வேகம் எதுக்குல? பிடிதான் வேணும்."

சொல்லும்போது அவர் முகமெல்லாம் சிரிப்பு. சும்மா ஆசைக்குத்தான் இந்த ஜீப்பை வாங்கியிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

பாதி வழியில் ஓடைக்குக் குறுக்கே தாழ்வாகக் கட்டிய ஒரு சப்பாத்துப் பாலம். அதன்மேல் செம்மண் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி ஓரத்தில் நின்று குடையை ஊன்றினார். தண்ணீர் குடையைப் பிடுங்கிக்கொண்டு போயிற்று.

"எறங்குங்க. வண்டி போவாண்டாம்."

அதே நேரம் தோட்டத்து ஜீப் ஒன்று விர்ரென்று எங்களைத் தாண்டி, ஆடிக் குலுங்கி, அக்கரை ஏறிவிட்டது. அம்மா பொங்கிவிட்டாள்.

"அந்தப் பய போயிட்டாம்லா! ஒங்க ஜீப்பு என்ன, கண்காட்சிக்கா?"

"எப்படிப் போனான்னு அவன்கிட்டயே கேட்டுப் பாருங்க. அவனுக்கே தெரியாது."

"எம்புள்ள கல்யாணம் நின்னு போச்சுன்னா?"

"கல்யாணத்துக்குப் புள்ள வேணும்லா, யம்மா?"

கொஞ்சம் மேலே தொழிலாளிகள் போகும் நடைபாலம் ஒன்று இருந்தது. அண்ணாச்சி தாம்பாளத்தைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அம்மா வழிநெடுக அவரைத் திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள். அட்டைப்பூச்சிகள் எங்கள் மூவரையும் பாரபட்சமில்லாமல் கவனித்தன.

பன்னிரண்டுக்குச் சற்று முன்னால் போய்ச் சேர்ந்தோம். அத்தை எங்கள் சேற்றுக் கால்களைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள்.

"தட்டு மாத்த மாப்பிள்ளை பக்கம் ஆம்பிளையாளு ஆரும் வரல்லியா? பின்னே எப்படி?"

அம்மா வாசல் பக்கம் கையை நீட்டினாள். அங்கே அண்ணாச்சி உப்பைப் போட்டுக் காலிலிருந்த அட்டையை எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஏன், இவனுக்குப் பெரியப்பா இருக்காருல்லா!"

யாரைச் சொல்கிறாள் என்று அண்ணாச்சி தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அங்கே ஒருவரும் இல்லை. மடித்துக் கட்டிய வேட்டியை மெல்ல இறக்கிவிட்டார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

தெருவுக்கு அவர் இப்போதும் இறங்கு அண்ணாச்சி. எனக்கு அன்றிலிருந்து பெரியப்பா.