சிங்கப்பூர் போக ஆறரை, வர ஒன்றரை

திருச்சியில் விமானங்களைக் கிளப்புவது யார் என்று கேட்டால், விடுதிப் பெண்கள் நாங்கள் யோசிக்காமல் டவர் அக்காவைத்தான் காட்டுவோம்.

கே.கே. நகரில் எங்கள் மகளிர் விடுதிக்குச் சமைப்பவர் அவர். காலை ஏழு மணி சிங்கப்பூர் விமானம் தலைக்கு மேல் போனால்தான் இட்லித் தட்டில் மாவு விழும்; அதனால்தான் விமான நிலைய டவரின் பெயர் அவருக்கு. ஒருநாள் மழையில் அது கிளம்பவே இல்லை. பசியோடு ஆபீஸுக்குத் தாமதமாகப் போய், "சிங்கப்பூர் விமானம் லேட், சார்" என்றேன். "நீங்க கே.கே. நகர்லேர்ந்துதானே வர்றீங்க?" என்றார் மேனேஜர்.

அக்காவின் ஒரே மகள் சிங்கப்பூரில் பிரசவத்துக்குக் காத்திருந்தாள். அம்மாவுக்கு டிக்கெட்டும் எடுத்து அனுப்பினாள். அக்கா மறுத்துவிட்டார்.

"ஏழுக்குக் கெளம்பி ஒன்றரைக்கு எறக்குறான். ஆறரை மணி நேரம். வர்றப்ப பதினொண்ணுக்குக் கெளம்பி பன்னெண்டரைக்கே வந்துடுது. போறப்ப எங்கயோ சுத்திக் கூட்டிட்டுப் போறான். அவ்வளவு நேரம் அந்தரத்துல என்னால ஆகாதும்மா."

சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் ஒரு டிராவல்ஸில் போய், "வர்ற வழியிலேயே போற மாதிரி டிக்கெட் குடுங்க" என்று கேட்டும் பார்த்திருக்கிறார். அவர்கள் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்களாம்.

நான் வரிசையாக விளக்கினேன். ஒன்று, இரண்டு ஊருக்கும் நடுவே ஏறக்குறைய மூவாயிரம் கிலோமீட்டர். இரண்டு, போனாலும் வந்தாலும் நாலு மணி நேரப் பயணம். மூன்று, அந்த ஊர்க் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது; டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைப் போடுகிறார்கள்.

"ஏம்மா இன்ஜினியரு, கடிகாரத்தைத் திருகுனா தூரம் கொறையுமா? ஸ்ரீரங்கம் பஸ்காரன்கூட இப்படிப் பேச மாட்டான்."

அன்று மாலை மகள் போனில், "நீயும் வரலேன்னா எனக்கு யாரும்மா இருக்கா?" என்று அழுதாள். அக்கா அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்த வாரம் என் அறைத்தோழி ஸ்டெல்லா வேலைக்காகச் சிங்கப்பூர் கிளம்பினாள். இனி விளக்கம் வேண்டாம், சமையலறைக் கடிகாரமே பேசட்டும் என்று முடிவு செய்தேன். இறங்கியதும் அக்காவைக் கூப்பிடச் சொல்லி அவளை அனுப்பினேன்.

அன்று லீவு போட்டுவிட்டு நானும் சமையலறையில் நின்றேன். விமானம் போனது, அக்கா மாவை ஊற்றினார். இட்லி முடிந்து, சாம்பார் முடிந்து, மதியச் சோற்றை வடிக்கும்போது போன் அடித்தது.

"எறங்கிட்டேன்க்கா. இங்க மணி ஒன்றரை."

அக்கா சுவரைப் பார்த்தார். பதினொன்று.

"நாலு மணி நேரந்தானா?"

"அவ்வளவுதான்க்கா."

"ஒரு வேளை சமையல் நேரம். இதுக்கா புள்ளைய அழவிட்டேன்?" போனை வைத்துவிட்டு என்னிடம், "நான் போயிட்டா உங்களுக்கு யாரு சமைப்பா?" என்றார்.

"நாங்களே பாத்துக்குறோம்."

"அப்ப சீக்கிரம் வந்துடணும்" என்று பெட்டியைத் தேடப் போனார்.

இப்போது பேரனோடு அங்கே இருக்கிறார். என் செல்போனில் இரண்டு ஊர் மணியும் ஓடுகிறது. அக்காவோடு பேசத் தோன்றும்போதெல்லாம் முதலில் அந்த ஊர் நேரத்தைப் பார்த்துக்கொள்கிறேன். தூக்கத்தைக் கெடுத்துவிடக் கூடாதே.