கல்யாணக் காரும் மூன்றாம் நம்பர் காற்றும்

ஏசி வேலை செய்யாத கார் வைத்திருப்பவன்தான் கண்ணாடியை முழுதாக ஏற்றிக்கொண்டு ஓட்டுவான். ஏசி இருப்பவனாவது கடல் காற்றுக்காக எப்போதாவது இறக்குவான். இல்லாதவன் இறக்கவே மாட்டான். இறக்கினால் குட்டு வெளிப்பட்டுவிடுமே! இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் நான் ராயபுரம் தெருக்களில் அப்படித்தான் வெந்துகொண்டே ஓட்டினேன். சிக்னலில் நிற்கும்போது குளிர்வதுபோல் தோளை லேசாகக் குலுக்கிக்கொள்வதும் உண்டு. (சிரிக்காதீர்கள். அந்த வயதில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று நான் கேட்டேனா?)

துறைமுகத்துக்குப் பக்கத்தில் சரக்கு கிளியரிங் கம்பெனி ஒன்றில் எனக்கு வேலை. எங்கள் மேனேஜர் புதுக் கார் வாங்கியதும் பழையதை என் தலையில் கட்டினார். "ஏசி வண்டிப்பா" என்றார். ஏசி இருந்தது, குளிர்தான் இல்லை. பட்டனை அழுத்தினால் வேண்டாவெறுப்பாக ஒரு பெருமூச்சு வரும். அதுவும் சூடாக.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கை ஸ்டெல்லாவுக்குக் கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை திருவொற்றியூர். கல்யாணம் அவர்களுடைய பங்குக் கோயிலில், மே மாதத்தில், உச்சி வெயில் ஏறும் நேரத்தில். மாப்பிள்ளையின் அப்பா நல்ல மனிதர். "பொண்ணக் கூட்டினு வர ஏசி வண்டி ஒண்ணு அனுப்பட்டுமா?" என்று கேட்டார். தலையாட்டியிருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை. நான் முந்திக்கொண்டேன்.

"எதுக்கு சார்? நம்ம வண்டியே ஏசிதான். உள்ள உக்காந்தா ஒடம்பு நடுங்கும்."

பக்கத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த என் நைனா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) டம்ளரை இறக்காமலே என்னைப் பார்த்தார். வெளியே வந்ததும் கேட்டார்:

"நடுங்குமா? யாருக்குடா?"

"சரி பண்ணிடலாம் நைனா."

"மெக்கானிக்காண்ட வுட்டுடு."

"அவன் எதப் பாத்தாலும் கேஸ் இல்லன்னுவான். நானே பாத்துக்கிறேன்."

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன்பு வீட்டு டேபிள் ஃபேனை ஒருமுறை பிரித்து மாட்டியிருக்கிறேன். (அதன்பிறகு அந்த ஃபேன் சுவரைப் பார்த்து மட்டுமே சுற்றியது. அது வேறு விஷயம்.)

முதல் ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் திறந்தேன். முன்பக்கம் ரேடியேட்டருக்கு முன்னால் வலைபோல ஒரு தகடு. கண்டன்சர். வெப்பத்தை வெளியே தள்ளவேண்டிய அந்த வலையில் ஓர் ஓட்டைகூடத் தெரியவில்லை, முழுக்கக் கரித்தூள். துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்த காலம் அது. எங்கள் தெருவில் காலையில் வெள்ளையாகக் காயப்போட்ட சட்டை சாயங்காலம் சாம்பல் நிறத்தில் கொடியிலிருந்து இறங்கும். அதை யாரும் அழுக்கு என்றே சொல்வதில்லை.

டியூப் போட்டுத் தண்ணீர் அடித்தேன். தெருவில் கறுப்பு ஆறு ஓடியது. ஏசியைப் போட்டால், சத்தியமாக, ஒரு துளி குளிர்! தெருவிலேயே ஆடிவிட்டேன். வாசலில் நின்ற ஸ்டெல்லா, "கார் கழுவுனதுக்கா இந்த ஆட்டம்?" என்றாள்.

ஆனால் காற்று பலவீனமாகத்தான் வந்தது. அடுத்த ஞாயிறு டேஷ்போர்டின் இடதுபக்கப் பெட்டியைக் கழற்றினேன். அதற்குப் பின்னால் ஒளிந்திருந்தது கூலிங் காயில். அதன் மேலும் கரி, கம்பளி போர்த்தியதுபோல. முறைப்படி அதை வெளியே எடுத்துக் கழுவவேண்டும். ஆனால் கேஸ் பைப்பில் கைவைக்க எனக்கு பயம். அதனால் என் சொந்தக் கண்டுபிடிப்பில் இறங்கினேன். கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த நண்பனிடம் தூசி ஊதும் ப்ளோயர் இரவல் வாங்கிவந்து, காற்று வரும் துவாரங்களில் அதன் மூக்கைச் செருகி உள்பக்கமாக ஊதினேன். பேய்ச் சத்தம். காயிலில் இருந்த கரி மாயமாய் மறைந்தது. எங்கே போனது என்று நான் யோசிக்கவில்லை. போய்விட்டது, அவ்வளவுதான்.

ஏசியை ஒன்றாம் நம்பரில் வைத்தேன். ஜில்லென்று காற்று! அம்மா உள்ளே உட்கார்ந்து முந்தானையைப் போர்த்திக்கொண்டு, "மெய்யாலுமே ஜில்லுன்னு கீதுடா" என்றார். நைனாவும் கையை நீட்டிப் பார்த்தார்.

"ரெண்டு, மூணு போட்டுப் பாரு."

"எதுக்கு நைனா வீணாக்கணும்? அதெல்லாம் கல்யாணத்தன்னிக்கு."

குளிரைப் பானையில் சேமித்து வைக்கலாம் என்று அன்று நான் உண்மையிலேயே நம்பினேன்.

கல்யாண நாள். அம்மாவும் சொந்தக்காரர்களும் வேனில் முன்னால் போய்விட்டார்கள். காரில் நான் ஓட்ட, பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் நைனா, பின்னால் ஸ்டெல்லா. உண்மையில் பின்சீட்டில் இருந்தது ஸ்டெல்லாவின் கவுன். அதன் நடுவில் எங்கோ ஸ்டெல்லா இருந்தாள். பனிபோல வெள்ளை. ஆறு மாதமாக அந்தக் கவுனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள்.

திருவொற்றியூர் வருவதற்குச் சற்று முன்னால், கடலோரக் குப்பம் ஒன்றின் எதிரே கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் மாட்டிக்கொண்டோம். முன்னால் லாரி, பின்னால் லாரி, தலைக்கு மேல் சூரியன்.

"அண்ணா, மேக்கப் ஒழுவுது. நடுங்கும்னு சொன்னியே?"

இந்த ஒரு கணத்துக்காகத்தானே காத்திருந்தேன்! "ரெடியா? மூணு போடப் போறேன்" என்று விமான ஓட்டிபோல அறிவித்துவிட்டுக் குமிழைத் திருப்பினேன்.

முதலில் 'பொத்' என்று ஒரு சத்தம். பிறகு இருட்டு. கண்ணாடிகள் நான்கும் ஏற்றியிருந்ததால் ஒரு துகள்கூட வெளியே போகவில்லை. கரி கொஞ்சம் படிந்ததும் பக்கத்தில் இரண்டு கண்கள் தெரிந்தன. நைனா. திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் இல்லை. பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"அண்ணா... ஏசி வேல செய்து."

செய்ததுதான். அந்தக் கார் அதற்கு முன்னும் பின்னும் அப்படிக் குளிர்ந்ததில்லை.

கதவைத் திறந்து வெளியே விழுந்தோம். பக்கத்து லாரி டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, உள்ள அடுப்பு மூட்டினீங்களா?" என்றார். ஸ்டெல்லா குனிந்து கவுனைப் பார்த்தாள். தட்டிவிட்டாள், இன்னும் அப்பியது. அப்புறம்தான் அழுதாள். கறுத்த கன்னங்களில் கண்ணீர் இரண்டு வெள்ளைக் கோடுகளாக இறங்கியது. அதைப் பார்த்ததும் எனக்கு லாரிக்கு அடியில் போய்ப் படுத்துவிடலாம்போல் இருந்தது. கோயிலில் மாப்பிள்ளை காத்திருக்கிறார். ரிசப்ஷன் புடவையோ அம்மாவோடு வேனில் போய்விட்டது.

எதிரே குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண், குடத்தை வைத்துவிட்டு ரோட்டைக் கடந்து வந்தார்.

"இன்னாம்மா, கல்யாணப் பொண்ணா? இன்னா கோலம் இது?" பிறகு என் பக்கம் திரும்பி, "நீ யாரு?"

"அண்ணன்."

"அதான பாத்தேன்."

அவர் பெயர் அம்சா. மீன் விற்பவர். ஸ்டெல்லாவின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நான் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். நைனா என் தோளைத் தொட்டார்.

"வாயத் தொறக்காத. தொறந்தா இன்னும் கொஞ்சம் கரி வரும்."

கதவு திறந்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. மயில்நீலப் பட்டுப்புடவை, கடுகு நிறக் கரை, தலை நிறைய மல்லி. கழுவித் துடைத்த முகத்தில் மேக்கப் ஒன்றும் இல்லை. என் தங்கை இவ்வளவு அழகா என்று அன்றுதான் பார்த்தேன்.

"என் கல்யாணப் பொடவ. ஒரே ஒரு தபா கட்னது" என்றார் அம்சா அக்கா. சொல்லிக்கொண்டே தானும் புதுப்புடவையில் வந்து பின்சீட்டில் பழைய போர்வையை விரித்து உட்கார்ந்தார்.

"நீங்க எங்கக்கா?"

"நான் பொடவ கூட வர்றேன். ஒன்ன நம்பி அனுப்புவனா?"

லாரி வரிசை நகர்ந்ததும் நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டுப் போனோம்.

கோயில் வாசலில் மாப்பிள்ளையின் அப்பா பெண்ணைப் பார்த்தார், நைனாவின் சட்டையைப் பார்த்தார், கடைசியில் என்னிடம் வந்து நின்றார்.

"ஏசி எப்டிப்பா இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு சார்."

பீடத்தின் முன்னால் மாப்பிள்ளை மெதுவாக, "கவுன் எங்க?" என்று கேட்க, ஸ்டெல்லா அவர் காதில் ஏதோ சொன்னாள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க அடக்க வந்தது. ஆல்பத்தில் தாலி கட்டும் படத்தில் இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். முதல் வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்சா அக்கா அழுகிறார். மறுவாரம் ஸ்டெல்லா புடவையைச் சலவை செய்து கொண்டுபோய்க் கொடுத்தாள். கூட நானும் போயிருந்தேன். அக்கா அதை விரித்துப் பார்த்துவிட்டு என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "நீ தொடலயே?"

அன்றிலிருந்து குடும்பத்தில் எனக்கு 'கரி மாமா' என்று பெயர். ஸ்டெல்லாவின் பிள்ளைகளுக்கு என் உண்மையான பெயர் தெரியுமா என்பதே சந்தேகம். போன வருஷம் அவள் மகளுக்கு நிச்சயதார்த்தம் ஆனது. அந்த வாரமே சம்பந்தி அம்மா எனக்கு போன் செய்தார்.

"உங்கள கறி மாமான்னு எல்லாரும் சொன்னாங்கண்ணா. ஞாயித்துக்கெழமைக்கு ரெண்டு கிலோ நல்ல தொடக்கறியா எடுத்து வெக்கிறீங்களா?"

விளக்க வேண்டுமென்றால் இந்தக் கதை முழுவதையும் சொல்லவேண்டும்.

"எலும்போடவா, எலும்பில்லாமயா?" என்று கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே மார்க்கெட்டில் வரிசையில் நின்று வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இன்றுவரை கொடுத்துக்கொண்டிருக்கிறேன். கறி மாமா கடைக் கறிபோல எங்கேயும் கிடைக்காது என்று அந்த அம்மா ஊரெல்லாம் சொல்கிறாராம். போன வாரம் அவருடைய தெருவிலிருந்து இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் போன் செய்தார்கள்.