உப்புப் போட்ட இங்கிலீஷ் புத்தகம்

நான் உயிரோடு இருக்கும்வரை ஜெரோம் என் வீட்டுப் படியில் கால் வைக்க மாட்டான். நானும் அவன் வீட்டுப் படியில் கால் வைக்க மாட்டேன். இது பதினான்கு வருஷத்துக்கு முன்பு மாதா கோயில் வாசலில் நின்று நான் செய்த சத்தியம். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எதையும் எழுதி வைக்கிற வழக்கம் இல்லை. அதனால் எதையும் மறக்கிற வழக்கமும் இல்லை.

ஜெரோம் என் மனைவி ரோஸ்மேரியின் அண்ணன். பொன்னேரியில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். அவன் செய்த குற்றத்தைச் சொல்கிறேன். நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் குப்பத்தில் யார் எந்த நாளில், ஏரியில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கித்தான் முடிவு செய்வோம். அதற்குப் பாடு என்று பெயர். சீட்டில் வந்தது வந்ததுதான். மறுபேச்சு கிடையாது. அந்த வருஷம் குலுக்கல் அன்று எனக்கு நல்ல காய்ச்சல். எனக்காகச் சீட்டு எடுக்க ஜெரோமை அனுப்பினேன். போனான். கையில் ஒரு இங்கிலீஷ் கதைப் புத்தகத்தோடு போனான். ஊரே முண்டியடித்துச் சீட்டு எடுக்கும்போது, இவன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தான். கடைசியில் மிச்சமிருந்த ஒரே சீட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். இறால் எட்டிக்கூடப் பார்க்காத இடம். அந்த வருஷம் முழுக்க என் வலையில் பாசிதான் விழுந்தது.

“சீட்டுதானே மாப்ள, யாரு எடுத்தா இன்னா?” என்று கேட்டான்.

அன்றோடு பேச்சு நின்றது. அவனிடம் மட்டும் இல்லை. இங்கிலீஷ் கதைப் புத்தகங்களிடமும்தான்.

ஆனால் புத்தகங்கள் என் வீட்டுக்கு வருவது நிற்கவில்லை. ரோஸ்மேரி கன்னியாஸ்திரீகளிடம் பத்தாவது வரை படித்தவள். ஒவ்வொரு வருஷமும் அவள் பிறந்த நாளைக்கு ஜெரோம் ஒரு பழைய காலத்து இங்கிலீஷ் நாவல் அனுப்புவான். முப்பத்தோரு வருஷமாக ஒரு வருஷம் தவறியதில்லை. அவள் ஒரு புத்தகத்தை ஒரு வருஷம் படிப்பாள். குழம்பு கொதிக்கும்போது இரண்டு பக்கம், இறால் உரித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு இரண்டு பக்கம். பிறகு கதையை எனக்குச் சொல்வாள். நான் கேட்பதில்லை. காதில் விழும். எல்லாக் கதையிலும் மழை பெய்கிறது. யாரோ ஒருத்தருக்குச் சொத்து வருகிறது. யாரோ ஒரு ஆள் வீம்பு பிடித்து வாயைத் திறக்காமல் நானூறு பக்கத்தை வீணாக்குகிறான். அந்த இடம் வரும்போது மட்டும் ரோஸ்மேரி புத்தகத்தை இறக்கிவிட்டு என்னைப் பார்ப்பாள்.

இந்த வருஷம் என் மகள் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அங்கேதான் சிக்கல். பெண்ணின் தகப்பன் நேரில் போய்த் தட்டு வைத்துக் கூப்பிட்டால்தான் தாய்மாமன் வருவான். கூப்பிடாவிட்டால் வர மாட்டான்.

“பத்திரிகை வந்துச்சு. அண்ணனுக்கு எப்ப வெக்கப் போற?” என்றாள் ரோஸ்மேரி.

“வெக்க மாட்டேன்.”

“தாய்மாமன் இல்லாம பொண்ணு கோயிலுக்குள்ள எப்டி போவா?”

“நடந்து போவா. கால் கீது இல்ல?”

“மாமன் போடுற மாலை?”

“கடையில விக்கிது.”

“ஜெசிந்தா நைனா, எனுக்குனு இருக்கிறது ஒரே அண்ணன். அவரு இல்லாத கல்யாணத்துல நான் எந்த மூஞ்சிய வெச்சினு நிப்பேன்?”

“இருக்கிற மூஞ்சிய வெச்சினு நில்லு.”

அவள் அழவில்லை. சண்டையும் போடவில்லை. பத்திரிகைக் கட்டை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். நாற்பது வருஷமாக ஏரியில் இருக்கிறவன் நான். தண்ணீர் சத்தமில்லாமல் இருந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த வாரம் வியாழக்கிழமை காலையில் படகைத் தள்ளும் நேரத்தில் என் போன் அடித்தது. கூரியர்காரர். ரோஸ்மேரி பெயருக்குப் பார்சல், சந்து தெரியவில்லை, துறையில் நிற்கிறேன் என்றார். வாங்கினேன். அவர் நீட்டிய போன் கண்ணாடியில் விரலால் என் பெயரைக் கிறுக்கினேன். அனுப்பியவன் யார் என்று பார்த்தேன். ஜெரோம். பார்சலில் என் போன் நம்பரைப் போட்டிருந்தான். வாத்தியாராம், புத்தி இவ்வளவுதான்.

சனிக்கிழமை ரோஸ்மேரியின் பிறந்த நாள். அந்த நிமிஷமே எனக்குத் திட்டம் உதித்தது. நான் பிரித்துப் பார்த்தேன். செங்கல் கனத்தில் ஒரு நாவல். சிவப்பு அட்டை, ஓரமெல்லாம் தங்க நிறம். கூடவே இங்கிலீஷில் ஏதோ வாசகம் எழுதிய பீங்கான் கோப்பை. ஒரு மெழுகுவர்த்தியும் இருந்தது. முகர்ந்து பார்த்தேன். பழைய பேப்பர் கடை வாசம் அடித்தது. நாவல் பிரியர்களுக்கென்றே இப்படிச் செய்து விற்கிறார்களாம். பழைய பேப்பர் வாசத்துக்கும் ஆள் இருக்கிற காலம் இது.

உள்ளே ஜெரோம் எழுதிய ஒரு கடிதமும் இருந்தது, அதைக் கிழித்து ஏரியில் விட்டேன். அவன் கையெழுத்துப் போட்டிருந்த முதல் தாளை வலைக் கத்தியால் அறுத்தேன். இனி இது நான் வாங்கிய பரிசு. அண்ணன் மறந்துவிட்டான், புருஷன் நினைவு வைத்திருந்தான். ஒரே கல்லில் ஜெரோம் செத்தான்.

வீட்டில் ஒளித்து வைக்க முடியாது. ரோஸ்மேரிக்கு வீட்டில் எலி வந்து போனாலும் தெரியும். அதனால் படகில் ஐஸ் பெட்டிக்குள், பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்தேன். மத்தியானம் கரைக்கு வந்து திறந்தால் ஐஸ் உருகியிருந்தது. பையில் ஓட்டை. நாவல் தண்ணீர் குடித்து வயிறு ஊதிக் கிடந்தது.

நான் பயப்படவில்லை. ஈரமானதை எப்படிக் காய வைப்பது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை காலையில் மணல் மேட்டில் பழைய வலையை விரித்தேன். பெரிய மீன் முழுசாகக் காயாது. முதுகைக் கீறிப் பிளந்தால்தான் காயும். புத்தகத்தையும் முதுகில் கீறிப் பிளந்தேன். ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பரப்பினேன். பக்கத்திலேயே வாளைக் கருவாடு காய்ந்துகொண்டிருந்தது. அதற்குத் தூவிய கையோடு இதற்கும் ஒரு பிடி உப்பைத் தூவிவிட்டேன். கைக்கு அது பழக்கம். மூளைக்குத் தெரிவதற்குள் முடிந்துவிட்டது.

பக்கத்து வீட்டு மஞ்சு அந்தப் பக்கம் வந்தாள்.

“இன்னா பெரிப்பா, புக்கைக் கருவாடு போடுற?”

“உன் வேலையைப் பாத்துகினு போ.”

“கொழம்பு வெப்பியா, வறுப்பியா?”

“பெரிம்மா கிட்ட சொன்னே, அப்புறம் உனுக்கு மீனே கிடையாது.”

“நான் ஏன் சொல்றேன்?” என்றாள். போகிற போக்கில் போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டுதான் போனாள்.

சாயங்காலம் கட்டுகளை அடுக்கி, வலை பின்னும் நூலால் முதுகைத் தைத்தேன். என் தையல் அவிழாது. புத்தகம் முன்பைவிட இரண்டு மடங்கு தடிமனாக இருந்தது. அதுவும் நல்லதுதான், பெரிய பரிசு என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலையில் எல்லாவற்றையும் ரோஸ்மேரி முன்னால் வைத்தேன்.

“இன்னா இது?”

“பிறந்த நாளு. நான் வாங்கினேன்.”

“நீயா?”

“ஏன், உங்க அண்ணன் மட்டும்தான் வாங்குவானா?”

அவள் அட்டையைத் தடவினாள். முகர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒரு அசைவு இல்லை.

“எங்க வாங்கின?”

“மெட்ராஸ்ல.”

“எப்ப போன?”

“நேத்து.”

“நேத்து மணல்ல கருவாடு காய வெச்சினு இருந்தியே.”

“ஆளு விட்டு வாங்கினேன். கேள்வி கேக்காம படிமே.”

அவள் விரலை நாக்கில் தொட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். மறுபடி தொட்டுத் திருப்பினாள்.

“உப்பா கீது.”

“பழைய காலத்து புக்கு. கப்பல்ல வந்திருக்கும்.”

“ஆமா, அப்டித்தான் இருக்கும்,” என்றாள். மெழுகுவர்த்தியை மாதா படத்துக்கு முன்னால் ஏற்றினாள். வீடு முழுக்கப் பழைய பேப்பர் வாசம் பரவியது. நான் காலை நீட்டி உட்கார்ந்தேன். பதினான்கு வருஷத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் அனுபவித்ததில்லை.

அது அரை மணி நேரம்கூட இருக்கவில்லை. சமையல்கட்டில் விசும்பல் கேட்டது. போய்ப் பார்த்தால் ரோஸ்மேரி போனைக் காதில் வைத்துக்கொண்டு அழுகிறாள்.

“இன்னாமே?”

“அண்ணன் பார்சல் வரல.”

“மறந்திருப்பான்.”

“முப்பத்தோரு வருஷம் மறக்காத ஆளு. போனு சுவிச் ஆப்னு வருது. அவருக்கு என்னமோ ஆயிடுச்சு ஜெசிந்தா நைனா.”

“ஒண்ணும் ஆயிருக்காது. கல்லு மாதிரி இருப்பான்.”

“உனுக்கு எப்டி தெரியும்? பதினாலு வருஷமா பாத்தியா?”

அவன் நன்றாக இருக்கிறான், நேற்றைக்கு முந்தின நாள்தான் அவன் பார்சலைத் திருடினேன் என்றா சொல்வது?

“கூரியர்ல லேட்டாயிருக்கும்,” என்றேன்.

உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நல்ல வேளை சொன்ன. இப்பவே போய் கூரியர் ஆபீஸ்ல கேக்கறேன். யாரு கையில குடுத்தாங்கனு அதுல கையெழுத்து இருக்குமாம். ஜெசிந்தா சொல்லிச்சு.”

செருப்பை மாட்டிவிட்டாள். கூரியர்காரர் போனில் நான் கிறுக்கிய என் பெயர் கண் முன்னால் வந்து நின்றது. எனக்கு எழுதத் தெரிந்த ஒரே வார்த்தை அது.

“நில்லு. நீ எங்கயும் போவாத. நானே பொன்னேரிக்குப் போய் உங்க அண்ணனைப் பாத்துட்டு வர்றேன்.”

“நீயா? சத்தியம் பண்ணியிருக்கியே.”

“தூரத்துல இருந்து பாக்கறேன். உயிரோட இருந்தா திரும்பி வந்துடறேன்.”

அவள் செருப்பைக் கழற்றினாள்.

“ஊட்ல கல்யாணத்தை வெச்சினு, பொண்ணோட நைனா மாமன் ஊட்டு வாசல் வரைக்கும் போய் வெறுங்கையோட திரும்பினா, தெரு இன்னா பேசும்?”

“இன்னா பேசும்?”

“சவரிநாதன் பத்திரிகைக்குக் கஞ்சத்தனம் பண்றான்னு பேசும்.”

அது எனக்குத் தாங்காது. என் கோபத்தைப் பற்றி ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும். கஞ்சன் என்று பேசக் கூடாது.

“படி ஏற மாட்டேன்,” என்றேன்.

“யாரு ஏறச் சொன்னா? வெளியவே நின்னு குடு. உன் சத்தியமும் இருக்கும், கல்யாணமும் நடக்கும்.”

அலமாரியைத் திறந்தாள். தட்டு, வெற்றிலை பாக்கு, பழம், பூ, பத்திரிகை. எல்லாம் ஏற்கெனவே அடுக்கி, மேலே துணி போட்டு மூடியிருந்தது. அதைக்கூட நான் ஏன் என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பஸ் ஏறினேன். மடியில் தட்டு. பக்கத்தில் இருந்தவர் எந்த ஊர்க் கல்யாணம் என்று கேட்டார். துக்க வீட்டுக்குப் போகிறவன் மாதிரி பதில் சொன்னேன்.

ஜெரோம் வாசலில் நின்றுகொண்டிருந்தான். தேய்த்த சட்டை. தலை முழுக்க வெள்ளை. பதினான்கு வருஷம் அவன் தலையில் உட்கார்ந்திருந்தது. நன்றாக உயிரோடு இருந்தான். நான் படிக்கு வெளியே நின்றேன். மாதா சாட்சியாக ஒரு விரல்கூட உள்ளே வைக்கவில்லை. தட்டை நீட்டினேன்.

“ஜெசிந்தாவுக்குக் கல்யாணம். வந்துடு.”

அவன் இரண்டு கையாலும் வாங்கினான்.

“மாப்ள, அந்தச் சீட்டு…”

“அதைப் பத்திப் பேசாத.”

“சரி. உக்காரு, சாப்புடலாம்.”

“உன் ஊட்டுக்குள்ள நான் வர மாட்டேன்.”

“யாரு கூப்ட்டா?” என்றான்.

அப்போதுதான் பார்த்தேன். படிக்கு வெளியே, தெருவோரத்து நிழலில் ஒரு நாற்காலி. முன்னால் ஒரு ஸ்டூல். ஸ்டூல் மேல் கழுவிய வாழை இலை, தண்ணீர் தெளித்துத் தயாராக. உள்ளேயிருந்து ஆட்டுக்கறிக் குழம்பு வாசம் வந்தது.

உட்கார்ந்தேன். பசி யாருக்கும் சத்தியம் செய்து கொடுப்பதில்லை. இரண்டு முறை சோறு வாங்கினேன். கை கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது.

“நான் வருவேன்னு உனுக்கு எப்டி தெரியும்?”

ஜெரோம் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என் முன்னால் பிடித்தான். ரோஸ்மேரி தமிழில் அனுப்பியிருந்தாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன்.

“அண்ணா, பார்சல்ல அவரு போன் நம்பரைப் போட்டுட்டு, சனிக்கிழமை உன் போனை ஆப் பண்ணி வை. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் அவரு பத்திரிகையோட வருவாரு. படி ஏற மாட்டாரு. வெளிய நாற்காலி போட்டு வை. குழம்புல எலும்பு நிறைய போடு.”

கீழே தேதி இருந்தது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அவள் அதை அனுப்பியது செவ்வாய்க்கிழமை. நான் பார்சலைத் திருடியது வியாழக்கிழமை.