முதலாளி டாரோவின் ஆற்று நேரம்

அமெரிக்கக் குடியரசு இவ்வளவு சீக்கிரம் எப்படி வளர்ந்தது என்று கேட்டால் சிலர் பருத்தி என்பார்கள், சிலர் நீராவி என்பார்கள், பாதிரிமார் கடவுளின் கிருபை என்பார்கள். மூவருக்கும் விவரம் போதாது. உண்மைக் காரணம் ரோட் ஐலண்டில், எங்கள் டாரோ துணி ஆலையின் கூரைமேல், ஊரே பார்க்கும்படி மாட்டியிருந்தது. முதலாளி ஜேபஸ் டாரோ அவர்கள் அருளிய கடிகாரம் அது. அதற்குத் தினமும் எண்ணெய் போட்டு, அது சொல்கிறபடி மணி அடிக்கும் பாக்கியம் எனக்குப் பதினொரு ஆண்டுகள் வாய்த்தது.

சாதாரணக் கடிகாரத்தை ஊசல் ஓட்டும். எங்கள் கடிகாரத்தை ஆலையின் நீர்ச்சக்கரம் ஓட்டியது. கோடையில் ஆறு வற்றிச் சக்கரம் தள்ளாடினால் முள்ளும் தள்ளாடும். காலையில் சரியாக வைத்த முள் மத்தியானத்துக்கு வந்து சேரவே மத்தியானத்துக்கு மேல் ஆகிவிடும். சரி, வசந்தத்தில் வெள்ளம் வந்து சக்கரம் பறந்தால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். அங்கேதான் முதலாளியின் மேதைமை இருக்கிறது. அந்த மாதங்களில் மட்டும் சக்கரத்தின் தொடர்பைக் கழற்றிவிட்டு ஊசலை மாட்டச் சொல்லுவார். வெள்ளத்தில் சூரிய நேரம், வறட்சியில் ஆற்று நேரம். இயற்கையோடு இவ்வளவு அனுசரித்துப்போன மனிதரை நான் பார்த்ததில்லை.

வாசற்கதவில் ‘ஆலை விதி ஏழு’ ஒட்டியிருந்தது: “ஆலையில் நேரம் எனப்படுவது ஆலைக் கடிகாரம் காட்டுவதே. அது தவறென்று வாதிடுவோர் உடனே நீக்கப்படுவர்.” ‘வீண் குழப்பத்தைத் தவிர்க்கும் பொருட்டு’ வேறு கடிகாரம் எதுவும் உள்ளே வரக் கூடாது. கடிகாரக்காரன் என்ற முறையில் என் சட்டைப்பையில் மட்டும் ஒன்று இருந்தது. அதை நான் யாருக்கும் காட்டக் கூடாது.

1834 ஆகஸ்ட் மாதக் கடைசிச் சனிக்கிழமை. ஆற்றில் கணுக்கால் அளவு தண்ணீர். இரண்டாவது ஆலை கட்டப் பணம் போடலாமா என்று பார்க்க பாஸ்டனிலிருந்து பிரெண்டிஸ் என்றொரு கனவான் வந்திருந்தார். அன்று சாயங்கால மணியோடு நெசவுக்காரி கெசியா பாட்டரின் ஒப்பந்தமும் முடிந்தது. நாலு வருஷம் தறியில் நின்று சேர்த்த காசில் அவள் ஆசிரியைகளுக்கான பள்ளியில் இடம் பிடித்திருந்தாள். திங்கள் காலை அங்கே நிற்க வேண்டும், கையில் ஆலையின் நற்சான்றிதழோடு. ஆலை மணி ஐந்து அடிக்கும் முன் தறியை விட்டால் சான்றிதழ் கிடையாது. ஆறு மணிக்கு விடுதி வாசலில் குதிரைவண்டி கிளம்பும். அது தேவாலயக் கடிகாரத்தின் ஆறு. அதை விட்டால் அடுத்த சனிக்கிழமைதான் வண்டி. அதற்குள் இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

தண்ணீர் குடிக்கிற சாக்கில் என்னிடம் ஓடிவந்தாள்.

“ஆசகேல் அண்ணே, நெசமா மணி என்ன?”

“மேல பாரு. மூணே முக்கால்.”

“அது மேல. ஒங்க பையில?”

சுற்றுமுற்றும் பார்த்தேன். “அஞ்சு பத்து.”

“அய்யய்யோ! கொஞ்சம் முன்னாடியே அடிச்சிருங்கண்ணே. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

“நானா மணிய உண்டாக்குறேன்? சக்கரம் உண்டாக்குது. விதி ஏழு தெரியும்ல?”

“தூக்கத்துல எழுப்புனாலும் ஒப்பிப்பேன். அந்தச் சக்கரம் ஏன் இப்பிடிச் செத்துச் செத்துச் சுத்துது?”

“தண்ணி கொஞ்சம். அதுல தொங்குறதோ அறுபது தறி. சுமைய எறக்கிவிட்டா பிச்சுக்கிட்டு ஓடும்.”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

“ஒங்க வாய்க்குச் சக்கரைதான் போடணும்!” என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் தாவி ஏறினாள்.

முற்றத்தில் முதலாளி பிரெண்டிஸிடம் கடிகாரத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். “மனுஷன் பொய் சொல்லுவான். சூரியன் மேகத்துல போயி ஒளிஞ்சுக்கும். இந்தக் கடிகாரம் பொய்யே சொல்லாது சார்.”

மாடியில் தறிச் சத்தம் குறைந்தது. பிறகு அடியோடு நின்றது. சுமை இறங்கிய சக்கரம் ஒரு குலுங்கு குலுங்கிவிட்டுச் சுழலத் தொடங்கியது. நிமிட முள் நகர்வது வெறும் கண்ணுக்கே தெரிந்தது.

“டாரோ, ஒங்க கடிகாரம் ஓடுதே!”

“கடிகாரம்னா ஓடத்தானே செய்யும்?”

“அப்பிடி ஓட்டம் இல்லய்யா, இது குதிரை ஓட்டம்.”

முதலாளி மாடிக்குப் பறந்தார். எண்ணெய்க் குவளையோடு நானும் பின்னால் போனேன். அறுபது பெண்கள், தறியைச் சக்கரத்தோடு இணைக்கும் அறுபது தோல் பட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு சோகமாக நின்றார்கள்.

“ஏன் நிக்குது எல்லாம்?”

“பட்ட கழண்டுருச்சுங்க மொதலாளி” என்றாள் கெசியா.

“அறுபதுமா?”

“வறட்சிங்க. தோலு காஞ்சுபோச்சு.”

“மாட்டித் தொலைங்க!”

“மாட்டிக்கிட்டேதான் இருக்கோம். அவசரப்பட்டு வெரல விட்டா ஆலை பொறுப்பில்லன்னு நீங்கதான எழுதி ஒட்டிருக்கீங்க?”

முதலாளி என் பக்கம் திரும்பினார். “ஆசகேல்! போயி அந்தக் கடிகாரத்த நிறுத்து!”

மூச்சு வாங்கியபடி அப்போதுதான் பிரெண்டிஸ் படியேறி வந்தார். “ஏன் நிறுத்தணும்? தப்பா ஓடுதா?”

முதலாளி மனசுக்குள் கணக்குப் போட்டார். தப்பு என்று சொன்னால் பாஸ்டன் பணம் வந்த வழியே போய்விடும். விதி ஏழின்படி தம்மைத் தாமே வேலையிலிருந்து நீக்கவும் நேரிடும்.

“சேச்சே. சரியாத்தான் ஓடுது.”

“அப்ப மணி அஞ்சாகப்போகுதா?”

“ஆமா சார்” என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

நான் மணி அடித்தேன். என் பையில் அப்போது ஐந்து நாற்பது. பிரெண்டிஸ் பக்கத்திலேயே நின்றதால் முதலாளி நற்சான்றிதழில் கையெழுத்திட்டார். கெசியா பெட்டி முழங்காலில் இடிக்க இடிக்கச் சாலையில் ஓடினாள். அத்தனை பெண்களும் சன்னலில் தொங்கிக்கொண்டு கத்தினார்கள். நானும் கத்தினேன். வண்டியில் அவள் ஏறியதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடியே வெட்கமாகவும் இருந்தது. சுமையை இறக்கினால் முள் ஓடும் என்று பதினொரு வருஷமாக எனக்குத் தெரியும், அன்றுவரை யாரிடமும் சொன்னதே இல்லை.

திங்கட்கிழமை முதலாளி என்னை அழைத்தார்.

“சனிக்கிழம முக்கா மணி நேரம் களவு போயிருக்கு ஆசகேல். நேரம் ஆலையோட சொத்து. யாரு திருடுனதுன்னு விசாரிச்சு அறிக்கை எழுது. இந்த மாகாணத்துல இருக்குற எல்லா ஆலைக்கும் ஒரு படி போகணும், பாஸ்டனுக்கும் ஒண்ணு. இனிமே அந்தத் திருட்டுக் கழுதைய ஒருத்தனும் வாசப்படி ஏத்தக் கூடாது.”

எழுதுவதற்கு ஆலையின் தடித்த கடிதத்தாளிலேயே ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார்.

மூன்று நாள் விசாரித்தேன். சக்கரத்தை விசாரித்தேன், ஆற்றை விசாரித்தேன், என் சட்டைப்பையை விசாரித்தேன். அறிக்கை சுருக்கமாகவே வந்தது: “இந்த ஆலையில் நேரம் களவு போவது உண்மை. பதினொரு கோடைகளாக, தினம் ஒரு மணிக்குக் குறையாமல், அறுபது பெண்களிடமிருந்து போயிருக்கிறது. சென்ற சனிக்கிழமை திரும்பக் கிடைத்தது அதில் முக்கால் மணி மட்டும். மீதி போன இடத்தையும் திருடனையும் கண்டுபிடித்துவிட்டேன்.”

உத்தரவுப்படியே எல்லா ஆலைக்கும் பாஸ்டனுக்கும் படிகளை அனுப்பிவைத்தேன். திருடனின் பெயரை மட்டும் நான் எழுதவில்லை. அதை ஒவ்வொரு தாளின் உச்சியிலும் பெரிய எழுத்தில் முன்பே அச்சடித்திருந்தார்கள்.