மிருகவள மதிப்பீடும் கருப்பாயி எருமையும்

ஒரு காட்டில் எல்லாம் இருந்தது, தண்ணீர் மட்டும்தான் இல்லை. மிச்சமிருந்த ஒரே சேற்றுப் பள்ளத்தின் ஓரத்தில் கருப்பாயி என்ற எருமை முழங்கால் நனைய நின்றுகொண்டு, "ஒரு நாளாவது கழுத்தளவு தண்ணியில கிடந்துட்டா போதும், அப்புறம் செத்தாலும் கவலையில்ல" என்று பெருமூச்சு விடுவாள். பாவம், எருமைக்கு வேறென்ன பெரிய ஆசை இருந்துவிடப் போகிறது!

அந்தச் சமயம் பார்த்து, தலைநகரக் காட்டிலிருந்து ஒரு குதிரை அதிகாரி மிருகவள மதிப்பீட்டுக்கு வருவதாகச் சேதி வந்தது. நாட்டில் இதை மனிதவளம் என்பார்கள். வட்டார வளர்ச்சி என்றால் சும்மாவா? எந்தக் காட்டில் யாருக்கு என்ன வேலை தெரியும் என்று முதலில் எடைபோட வேண்டுமாம்.

காட்டுக்கே யோசனை சொல்லும் நரியார் உடனே கூட்டம் போட்டார்.

"இதோ பாருங்க, ஒண்ணுக்கும் உதவாத காடுன்னு முடிவானா, அரசாங்கமே ஆள் வச்சுக் குளம் வெட்டித் தரும். யாருக்காவது வேலை தெரியும்னு தெரிஞ்சா போச்சு. அதனால எல்லாரும் மக்கு மாதிரி நடிங்க."

"நான் என்ன நடிக்கணும்?" என்று கருப்பாயி ஆவலோடு கேட்டாள்.

"நீ நடிக்கவே வேணாம் தாயி. எப்பவும் போல நில்லு, போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். கருப்பாயிக்குச் சுருக்கென்றது. ஆனாலும் குளத்தை நினைத்துப் பொறுத்துக்கொண்டாள்.

குதிரை வந்தது. அடடா, என்ன நடிப்பு! குரங்கு அடிமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஐயோ, தலை சுத்துதே" என்று அழுதது. எறும்புகள் மல்லாந்து படுத்துக் கொட்டாவி விட்டன. தூக்கணாங்குருவி ஒரு புல்லைக் காட்டி, "இதை வச்சு என்னங்க பண்ணுவாங்க?" என்று விசாரித்தது. இவ்வளவு பின்தங்கிய காட்டைக் குதிரை பார்த்ததே இல்லை.

"பிரமாதம்! குளம் உங்களுக்குத்தான்" என்றபடி பின்னால் நகர்ந்த குதிரை, சொதக்கென்று சேற்றுப் பள்ளத்தின் நடுவில் விழுந்தது. வயிறுவரை புதைந்துவிட்டது. காப்பாற்றச் சொல்லிக் கனைத்தது.

யாரும் அசையவில்லை. காப்பாற்றத் தெரிவதும் ஒரு திறமையாயிற்றே! நரியார் கண்ணாலேயே எல்லோரையும் அதட்டினார். சேறு குதிரையின் கழுத்துக்கு வந்தது.

கருப்பாயிக்கு மனசு கேட்கவில்லை. "அட போங்கப்பா, கண்ணு முன்னால ஒரு உசுரு போகுது, நடிப்பாம் நடிப்பு!" என்று இறங்கி, கொம்பைக் கொடுத்து ஒரே நெம்பில் குதிரையைக் கரையில் போட்டாள்.

குதிரை கண்ணீரோடு அவளைக் கும்பிட்டது. கும்பிட்ட கையோடு மதிப்பீட்டையும் மாற்றியது.

"இப்படி நெம்பத் தெரிந்தவள் இருக்கும்போது வெளியாள் எதற்கு? கருப்பாயியே குளம் வெட்டட்டும். மற்றவர்கள் பாவம், ஒன்றும் தெரியாதவர்கள். அவர்களுக்கு உதவித்தொகை."

கோடை முழுக்கக் கருப்பாயி கொம்பால் மண்ணைக் கிளறினாள். குரங்கு உதவித்தொகையாக வந்த வாழைப்பழத்தை உரித்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் ஆழம் போகட்டும் அக்கா" என்றது. ஒருவழியாக ஊற்றுக்கண் திறந்தது. தண்ணீர் கழுத்தளவு ஏறிய காலையில், கருப்பாயி ஆசையாக ஒரு காலை உள்ளே வைத்தாள். அதற்குள் குதிரை ஓடி வந்தது.

"வாழ்த்துகள் கருப்பாயி! உனக்குப் பதவி உயர்வு. பக்கத்துக் காட்டிலும் தண்ணீர் இல்லையாம். உடனே கிளம்பு."

குரங்கு தொப்பென்று குளத்தில் குதித்தது. நரியார் தண்ணீரில் மல்லாந்து மிதந்தபடி, "போயிட்டு வா தாயி, உன்னால காட்டுக்கே பெருமை" என்று வாலை ஆட்டினார்.

நீதி: சேற்றில் விழுந்தவரைத் தூக்கிவிடுவது நல்ல குணம்தான், ஆனால் தூக்கும்போது கொஞ்சம் திணறிக் காட்ட வேண்டும்.